பதினொரு மழை நாள்

அந்தச் செங்கல் சூளையில் ஒரு வார்த்தையை மட்டும் யாரும் விளையாட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். மழை. அச்சில் அறுத்துப் போட்ட, இன்னும் சுடாத பச்சைக்கல் வெட்டவெளியில் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். நாலு துளி விழுந்தால் கல்லின் முகம் அம்மைத் தழும்பாகிவிடும். நாற்பது துளி விழுந்தால் கல் மறுபடியும் சேறுதான். அதனால் முதல் துளியை யார் பார்த்தாலும், நேற்று வேலைக்குச் சேர்ந்த ஆளாக இருந்தாலும், அடிவயிற்றிலிருந்து "மழை!" என்று ஒரு சத்தம் போட வேண்டும். சத்தம் கேட்டால் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்க்கிற நேரத்தில் இருபது கல் போய்விடும். கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடித் தார்ப்பாயை உதறி விரித்து, ஓரங்களில் வெந்த கல்லை வைத்து அழுத்தி, அதற்குப் பிறகுதான் வானத்தைப் பார்ப்பார்கள்.

ஒருமுறை லாரியில் கல் ஏற்ற வந்த ஒருவன் வேடிக்கைக்காக அப்படிக் கத்திவிட்டான். சூளைக்குத் தீ மூட்டுகிற தீக்காரர் அதுவரை யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாத மனுஷர். அவர் விட்ட அறையில் அவனுக்கு இரண்டு நாள் காது கேட்கவில்லை. ஐயோ பாவம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் இருந்தது. அது சூளையின் ஓரத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த ஒரே ஒரு வீட்டுக்குள்தான் செல்லுபடியாகும். மேஸ்திரியின் வீடு.

மேஸ்திரியின் மனைவிக்குச் சூளையில் அச்சுக்காரி என்று பெயர். கல் அறுக்கிற பெண்கள் இருபது பேர் இருந்தும் அந்தப் பெயர் அவளுக்கு மட்டும்தான் நிலைத்தது. அச்சில் மணலைத் தூவி, மண் உருண்டையை ஓங்கி அடித்து, மேலே கையால் வழித்து, திருப்பிக் கொட்டி, அடுத்ததற்குப் போய்விடுவாள். மண் குழைத்துக் கொடுக்கிற இருவர் அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திட்டிக்கொண்டே இருப்பார்கள். வேலையில் இருந்த வேகம் பேச்சில் கிடையாது. கேட்டதற்குப் பதில், அதோடு சரி.

வெயிலுக்கும் சேற்றுக்கும் பயந்து சூளைப் பெண்கள் எல்லோரும் உடைக்கு மேலே ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் கழற்றி உதறிக் கொடியில் போட்டுவிட்டுப் போவார்கள். அச்சுக்காரி மட்டும் கழற்ற மாட்டாள்.

"அப்படி என்னடி புருஷன் சட்ட மேல ஆச? தூங்கும்போதாச்சும் கழட்டுவியா?" என்பாள் பக்கத்து வரிசையில் கல் அறுக்கிற ரேடியோ அக்கா. விடிந்ததிலிருந்து அடைகிற வரை வாயை மூடாததால் அவளுக்கு அந்தப் பெயர். அச்சுக்காரியும் சிரித்து வைப்பாள்.

மேஸ்திரி வெளியே தங்கமான மனுஷர். யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் போய் நிற்பவர் அவர்தான். அவர் சொல்கிற நகைச்சுவைக்கு மண் மிதிக்கிறவர்கள் காலை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். வெந்த கல்லை இரண்டு கையிலும் எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். கணீர் என்றால் நல்ல கல், தொப்பென்றால் வேகாத கல். எந்தக் கல் எங்கே தட்டினால் உடையும் என்று அவருக்கு அத்துப்படி. ஒரு பெண்பிள்ளையை எங்கே அடித்தால் வெளியே தெரியாது என்பதும் அதே அளவுக்கு அத்துப்படி.

அவர்கள் மகள் ஐந்து வயதில் ஒருநாள் ரேடியோ அக்காவிடம், "எங்கப்பா எங்கம்மாவ அடிச்சாரு," என்று சொல்லிவிட்டாள். ரேடியோ அதைச் சிரித்துக்கொண்டே மேஸ்திரியிடமே ஒலிபரப்பிவிட்டது. "ஏன் மேஸ்திரி, அச்சுக்காரிய அடிச்சீங்களாமே, பாப்பா சொல்லுது!" மேஸ்திரியும் சிரித்தார். மத்தியானம் வீட்டுக்கு வந்து, மகளை ஸ்டூலில் உட்காரவைத்து, கண்ணை மூடக் கூடாது என்று சொல்லிவிட்டு, மனைவியின் இடது மணிக்கட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினார்.

அவர் போன பிறகு மணிக்கட்டில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு அச்சுக்காரி மகளை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"பாப்பா, இனிமே அந்த வார்த்தைய வெளிய சொல்லக் கூடாது."

"எந்த வார்த்த?"

"அடிச்சாருங்கிறது."

"அப்ப எப்படிம்மா சொல்றது?"

அவளுக்கு வலியில் எதுவும் தோன்றவில்லை. வாசலில் மடித்துக் கிடந்த தார்ப்பாயைப் பார்த்தாள். "மழ பெஞ்சுதுன்னு சொல்லு," என்றாள்.

அன்றிலிருந்து அப்படியே ஆகிவிட்டது. கையால் இரண்டு தட்டு என்றால் தூறல். முஷ்டியும் காலும் சேர்ந்தால் மழை. கையில் ஏதாவது பொருளை எடுத்துவிட்டால் இடி மழை. சூளையில் தொண்டை கிழியக் கத்துகிற அதே வார்த்தையை அம்மாவும் மகளும் வீட்டுக்குள் உதட்டை அசைக்காமல் பேசிக்கொள்வார்கள். அவர் செருப்பை உதறுகிற சத்தத்தை வைத்தே, "மேகம் கட்டுது," என்பாள் அம்மா. மகள் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். பதினான்கு வருஷமாக மேஸ்திரிக்கு இது தெரியாது.

மகள் இப்போது காலேஜில் இரண்டாம் வருஷம். போட்டோ படிப்பு.

"பொத்தான அமுக்கினா படம் விழப்போவுது, அதுக்கு மூணு வருஷப் படிப்பாம்," என்று மேஸ்திரி ஊரெல்லாம் கிண்டல் பண்ணினார். கிண்டல் பண்ணுகிற சாக்கில் மகள் காலேஜுக்குப் போகிறாள் என்பதை ஒருத்தர் விடாமல் சொன்னார். பெருமை இல்லாமல் இல்லை.

அந்த வருஷம் போட்டோ டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். தலைப்பு 'அன்றாடம்'. முப்பது நாள், நாளுக்கு ஒரே ஒரு படம். அவரவர் வீடு, அவரவர் வேலை இடம். யாரையும் நிற்கவைத்து எடுக்கக் கூடாது, எதையும் அடுக்கிவைத்து எடுக்கக் கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சீட்டு எழுத வேண்டும்: தேதி, நேரம், வானிலை. எந்த வெளிச்சத்தில் எடுத்தது என்று பிறகு பார்த்தால் தெரிய வேண்டும் என்பதற்காக வானிலை. காலேஜ் கேமராவைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு மகள் சூளைக்குள் சுற்றி வந்தாள்.

"இருடி, தலைய வாரிட்டு வர்றேன்," என்று ரேடியோ அக்கா எழுந்தாள்.

"வாரக் கூடாதுக்கா. சிரிக்கவும் கூடாது. நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க."

"சிரிக்காம போட்டோவா? அதென்னடி, திருடங்களப் புடிச்சு எடுக்கற மாதிரி!"

மண் மிதிக்கிற கால்கள், தீக்காரரின் பொசுங்கிய புருவம், கொடியில் காய்கிற முழுக்கைச் சட்டைகள், காதருகே இரண்டு கல்லைத் தட்டுகிற அப்பா. மகள் எடுத்துக்கொண்டே இருந்தாள். அந்த மாதம் முழுக்க வானத்தில் பஞ்சளவு மேகம் இல்லை. பச்சைக்கல் ஒரே நாளில் காய்ந்து வெடித்தது. மண் குழைக்கத் தண்ணீர் பற்றவில்லை என்று எல்லோரும் புலம்பினார்கள்.

பத்தொன்பதாம் தேதி ஒரு சூளை பிரித்தார்கள். உள்ளே பாதிக் கல் வேகவில்லை. முதலாளி எல்லோர் முன்னாலும் மேஸ்திரியை வாய்க்கு வந்தபடி பேசினார். மேஸ்திரி சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்த உடனே அச்சுக்காரி அச்சைக் கழுவி எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போனாள்.

வீட்டுக்குள் வந்தவர் சாப்பிட உட்கார்ந்தார். அவள் தட்டை வைத்தாள். குழம்பை ஊற்றும்போது கை நடுங்கித் தரையில் ஒரு சொட்டு விழுந்தது.

"எனக்குச் சோறு போடக்கூட உனக்குக் கை நடுங்குதா?"

"இல்லங்க, சூடு..."

"அவன் என்னப் பேசும்போது நீ பாத்துட்டு நின்ன இல்ல?"

"இல்லங்க."

"பாத்த."

சுவரோரம் கழுவிச் சாய்த்து வைத்திருந்த மர அச்சு அவர் கைக்கு எட்டியது. இரும்புப் பட்டை அடித்த அச்சு. அவளே பிடித்துப் பிடித்து வழவழப்பாக்கிய கைப்பிடி. அதை எடுத்து முதலில் தோளில், பிறகு முழங்கையில். அவள் குனிந்தாள். குனிந்ததில் கணக்குத் தப்பி மூன்றாவது அடி வாயில் விழுந்தது. அவர் ஒரு நிமிஷம் திகைத்துத்தான் போனார். முகத்தில் அடிப்பது அவர் வழக்கமில்லை. பிறகு அந்தத் திகைப்புக்கும் சேர்த்து அவள் விலாவில் இரண்டு மிதி மிதித்துவிட்டு, சோற்றைச் சாப்பிட்டு முடித்துவிட்டு வேலைக்குப் போனார்.

அச்சுக்காரி வாசல் குழாயில் வாயைக் கொப்பளித்தாள். முன்பல் ஒன்று கையோடு வந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். எங்கே போடுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். பின்னால் ஒரு 'கிளிக்' கேட்டது. மகள் கதவுக்கு உள்ளே டிரம்மின் ஓரத்தில் நின்றிருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. கேமராவை இறக்கிவிட்டுச் சீட்டை எடுத்து எதையோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று அம்மா பார்க்கவில்லை. படியில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொல்வதற்கு எந்தப் படி தோது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

மாதம் முடிந்து, காலேஜ் ஹாலில் படங்களை மாட்டினார்கள். படத்தில் இருப்பவர்கள் எல்லோரும் வர வேண்டும் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். முதலாளி அரை நாள் விட்டார். மேஸ்திரி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்தார். அச்சுக்காரி அன்றைக்கும் அதே முழுக்கைச் சட்டையோடு பின்னால் ஏறினாள். அவளோடு நாற்பது பேர், ஏதோ கல்யாணத்துக்குப் போகிற மாதிரி.

ஹாலின் நாலு சுவரிலும் கயிறு கட்டி, துணி மாட்டுகிற கிளிப்பில் படங்களைத் தேதி வாரியாகத் தொங்கவிட்டிருந்தார்கள். மகள் எழுதிய சீட்டு ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒட்டியிருந்தது. எல்லோரும் முதலில் அவரவர் மூஞ்சியைத் தேடினார்கள்.

"ஐயையோ, என் காலு இவ்வளவு அசிங்கமாவா இருக்கு!"

"கால மட்டும் பாத்துட்டுச் சொல்றியே, மேல பாரு."

தீக்காரர்தான் முதலில் சீட்டைப் படித்தார். "இதென்னா, மழன்னு போட்டிருக்கு? ஏழாம் தேதி ஏது மழ? அன்னிக்குத்தான நான் சூள மூட்டினேன்."

ரேடியோ அக்கா எட்டிப் பார்த்தாள். "பன்னண்டாம் தேதியும் மழையாம்! என் மூஞ்சியப் பாருங்க, வெயில்ல கண்ணத் தெறக்க முடியல, கீழ மழையாம்!"

"பாப்பா தூக்கத்துல எழுதியிருக்கும்."

"இந்தாருங்க, பத்தொம்பதுக்கு இடி மழையாம்யா! இடி இடிச்சிருந்தா நம்ம கல்லு என்ன ஆயிருக்கும்?"

ஹாலே சிரித்தது. அச்சுக்காரிக்குப் படிப்பு எழுத்துக் கூட்டுகிற அளவுதான். பக்கத்தில் இருந்த சீட்டை உற்றுப் பார்த்தாள். ம. அடுத்தது ழை. அடுத்த சீட்டுக்கு நகர்ந்தாள். அதிலும் ம. பொட்டுச் சிரிப்பில்லாமல் மகளைத் தேடினாள். மகள் தூண் ஓரத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"மேஸ்திரி, உங்க பொண்ணுக்கு வெயில் எது, மழ எதுன்னு தெரியலையே. சூளையில பொறந்த பொண்ணா இது?" என்று யாரோ சீண்டினார்கள்.

"காலேஜுப் படிப்பு அப்படித்தான்யா. உள்ள போனா வெயிலும் மழையும் ஒண்ணாயிடும்," என்று மேஸ்திரியும் சிரித்தார்.

அப்போது டீச்சர் வந்து சேர்ந்தார். சின்ன வயசு. சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. "நானும் கேட்டேன் சார், ஒரு துளிகூட இல்லையேன்னு. 'வெளிய இல்ல மிஸ், எங்க வீட்டுல மழைதான்'னு சொன்னா. கவித மாதிரி இருந்துச்சா, அப்படியே விட்டுட்டேன்."

"எங்க வீட்டுலன்னு சொன்னாளா?" என்றார் மேஸ்திரி.

"ஆமா சார்."

மேஸ்திரி முதல் படத்துக்குப் போனார். அடுக்கிய கல்லைச் சரிபார்க்கிற மாதிரி ஒவ்வொரு சீட்டிலும் விரலை வைத்து நகர்ந்தார். அவருக்குத் தேதி மறக்காது. எந்தச் சூளை எந்தத் தேதியில் மூட்டியது, எப்போது பிரித்தது என்று தலைக்குள் எழுதி வைத்திருப்பவர். நான்கு, தூறல். ஏழு, மழை. பன்னிரண்டு, மழை. பத்தொன்பதில் விரல் நின்றது. மேலே படத்தில் ஒரு பெண்ணின் முதுகு, குழாய், கொட்டுகிற தண்ணீர். அவர் நாக்கு தன் முன்பல்லைத் தடவிப் பார்த்தது. பிறகு முப்பது வரைக்கும் போய்விட்டு, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

மொத்தம் பதினொரு நாள். அச்சுக்காரி அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பியபோது முகத்தில் சிரிப்பு இருந்தது. பத்தொன்பதாம் தேதி முதலாளி முன்னால் சிரித்த அதே சிரிப்பு.

"நல்லா எழுதியிருக்கா மிஸ்," என்று சொல்லிவிட்டு மனைவியின் முழங்கையைப் பிடித்தார். அச்சு விழுந்த இடம் எது என்று தேடி, அங்கேயே கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு வாசல் வரைக்கும் நடந்தார்.

லாரியில் திரும்பும்போது இரைச்சலுக்கு நடுவே அம்மா மகளின் காதில் குனிந்தாள். "ஏண்டி அப்படி எழுதின?"

"வானிலன்னு கேட்டிருந்துச்சும்மா. கை தானா எழுதிடுச்சு."

"வெயிலுன்னு எழுதியிருக்கலாமேடி."

"எப்படிம்மா எழுதுவேன்? நீ குழாயில வாயக் கழுவிட்டு இருந்த." மகள் முன்சீட்டுப் பக்கம் பார்த்தாள். "அப்பாவுக்குத் தெரிஞ்சிடுச்சாம்மா?"

அம்மா மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

சூளையில் இறங்கியதும் எல்லோரும் மிச்ச அரை நாள் வேலைக்குப் பிரிந்துபோனார்கள். மேஸ்திரி இருவரையும் முன்னால் விட்டுப் பின்னால் வந்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் ஆணியில் மாட்டினார். அவசரமே இல்லை. மகளின் பையிலிருந்து கேமராவை எடுத்துத் தரையில் வைத்து, அடுப்புக்கு முட்டுக்கொடுத்திருந்த செங்கல்லில் ஒன்றை உருவி இரண்டே அடியில் நொறுக்கினார்.

"எத்தன வருஷமா நடக்குது இந்த மழ?"

"நான்தாங்க சொல்லிக் குடுத்தேன்," அச்சுக்காரி குறுக்கே வந்தாள். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. என்னைய அடிங்க."

"உனக்கு அப்புறம்."

நெஞ்சில் விட்ட உதையில் அவள் டிரம்மில் போய் மோதினாள். டிரம் சாய்ந்து வீடெல்லாம் தண்ணீர் ஓடியது. அவள் எழுவதற்குள் அவர் மகளின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"எந்தக் கையால எழுதின?"

"அப்பா, வேணாம்ப்பா. கிழிச்சிடறேன்ப்பா. எல்லாத்தையும் கிழிச்சிடறேன்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. எந்தக் கை?"

வலது கையை இழுத்து, தரையில் கிடந்த கல்லின் மேல் விரித்து வைத்து, முழங்காலால் அழுத்திக்கொண்டார். இன்னொரு கல்லை எடுத்தார். எடுத்தவர் பழக்க தோஷத்தில் அதைச் சுவரில் ஒருமுறை தட்டிப் பார்த்தார். கணீர் என்றது. "நல்ல கல்லு," என்றார்.

கல் இறங்கியது. சுண்டுவிரலும் அடுத்த விரலும் உடைந்த சத்தம் அச்சுக்காரிக்குக் கேட்டது. மகள் கத்தக்கூட இல்லை, காற்று மட்டும் வாயிலிருந்து வந்தது.

"இன்னும் மூணு இருக்கு," என்று மேஸ்திரி மறுபடி கையை ஓங்கினார்.

அச்சுக்காரி ஈரத் தரையில் நாலு காலில் கிடந்தாள். பதினான்கு வருஷமாகத் தனக்காக அவள் ஒரு சத்தம் போட்டதில்லை. பல் போனபோது போடவில்லை, மணிக்கட்டு போனபோது போடவில்லை. அந்த மூன்று விரலைப் பார்த்தாள். அடிவயிற்றிலிருந்து, சூளைக்கே கேட்கிற மாதிரி, தொண்டை கிழியக் கத்தினாள்.

"மழை!"

மேஸ்திரியின் கையிலிருந்த கல் கீழே விழுந்தது. இருபது வருஷப் பழக்கம் அது. என்ன, ஏது என்று யோசிப்பதற்கு முன்னால் அவர் கால் எழுந்து கதவுக்கு ஓடியது. கை தாழ்ப்பாளை நீக்கியது. அவரே கதவைத் திறந்தார்.

வெளியே, வாசலுக்கு எதிரே காய்ந்த பச்சைக்கல் வரிசைகளை நோக்கி நாற்பது பேரும் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தரும் மேலே பார்க்கவில்லை. மண் மிதித்த காலோடு, அச்சைப் போட்டுவிட்டு, தீக்காரர் கையில் பிடித்திருந்த விறகைப் போட்டுவிட்டு, தார்ப்பாயை ஆளுக்கொரு முனையில் இழுத்துக்கொண்டு. மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். கண்ணைக் கூசுகிற வெயில். ஒரு மேகம் கிடையாது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. திரும்பினார். பின்னால் அச்சுக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்திருந்தாள். வாயைத் திறந்து இன்னொரு முறை கத்தினாள். அவர் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்து நிலைக்கதவில் மோதினார். ஒருமுறை, இரண்டுமுறை. உள்ளேயே அடித்துப் பழகிய கைக்குத் தான் வாசலுக்கு வந்துவிட்டது தெரியவில்லை. மூன்றாவது முறை மோதப் போனபோதுதான் தன்னைச் சுற்றி யாரும் பேசவில்லை என்பதைக் கவனித்தார். ரேடியோ அக்காகூடப் பேசவில்லை.

தீக்காரர் வானத்தைப் பார்த்தார். பிறகு அச்சுக்காரியைப் பார்த்தார். "எங்கேம்மா மழ?" என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

அச்சுக்காரி சட்டைக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றினாள். பச்சையும் கறுப்புமாகத் தோள் வரைக்கும் இருந்தது. "இங்க," என்றாள்.

"ஏழு," என்றாள் ரேடியோ அக்கா, யாரிடமோ சொல்வது போல. "பன்னண்டு. பத்தொம்பது." அவளுக்கு வாய் கோணியது. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஐந்து வயசுப் பிள்ளை வந்து சொன்னதை யாரிடம் கொண்டுபோய்ச் சொன்னோம் என்பது இப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. "அடிப்பாவி, நானே அவர்கிட்ட போட்டுக் குடுத்தேனே."

"குடும்ப விஷயம்," என்றார் மேஸ்திரி. மூச்சு வாங்கியது. "கூட்டம் போடாதீங்க. போய் வேலையப் பாருங்க."

உள்ளேயிருந்து மகள் வந்து நிலையில் சாய்ந்தாள். கையை நெஞ்சோடு ஏந்தியிருந்தாள். இரண்டு விரல் இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தன.

யார் முதலில் வீசியது என்று பிறகு யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வேலையைப் பார்க்கச் சொன்னார், வேலையைப் பார்த்தார்கள். தார்ப்பாய் காற்றில் ஒருமுறை உப்பி மேஸ்திரியின் மேல் விழுந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்ததில் அவர் குப்புற விழுந்தார். பெண்கள் நாலு பக்கமும் ஏறி உட்கார்ந்தார்கள். உள்ளே அவர் துள்ளினார், கெட்ட வார்த்தையில் கத்தினார். துள்ளிய இடத்திலெல்லாம் மிதி விழுந்தது. சேற்றை மிதித்துப் பழகிய கால்கள், நின்று நிதானமாக மிதித்தன. ரேடியோ அக்கா ஒரு வெந்த கல்லைத் தூக்கித் தலைக்கு மேலே கொண்டுபோனாள். தீக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும். செத்தா அவனுக்கு லாபம்."

அவள் அந்தக் கல்லைத் தார்ப்பாயின் ஓரத்தில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்து, ஓவென்று அழுதாள்.

மகளுக்கு விரலைக் கட்டி முடித்தபோது பொழுது சாயவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனார்கள். மேஸ்திரியைத் தீக்காரரும் மற்றவர்களும் அங்கே ஏற்கெனவே ஒப்படைத்திருந்தார்கள். தகவல் தெரிந்து டீச்சரும் வந்திருந்தார். முப்பது சீட்டையும் சுவரிலிருந்து உரித்துக் கொண்டுவந்திருந்தார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் போலீஸ் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "தேதி இருக்கு, நேரம் இருக்கு. நல்லதுதான். ஆனா இதுலல்லாம் மழ, தூறல்னுதானம்மா எழுதியிருக்கு? இத வெச்சு நான் என்ன எழுத? உங்க வாயால சொல்லுங்க. அவர் என்ன செஞ்சார்?"

அச்சுக்காரிக்கு நெற்றியில் தையல் இழுத்தது. இந்த ஜென்மத்தில் அவரை 'அவர்' என்றில்லாமல் அவள் பேசியதில்லை.

"அடிச்சான்," என்றாள். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னோமா என்பது போல மகளைப் பார்த்தாள். "எம் புருஷன் என்னைய அடிச்சான்."

மகளுக்கு எழுதுகிற கை கட்டுக்குள் இருந்தது. அதனால் அச்சுக்காரியே பேனாவை வாங்கினாள். பதினொரு சீட்டையும் தனியாகப் பிரித்து மேஜையில் வரிசையாகப் பரப்பினாள். மழை, தூறல் என்று இருந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் எழுத்துக் கூட்டி எழுதினாள். அ. டி. மண்ணை அழுத்திப் பழகிய கை, ஒன்றிரண்டு இடத்தில் பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொன்றையும் முடித்த பிறகு விரலை வைத்துப் படித்துப் பார்த்துவிட்டே அடுத்ததற்குப் போனாள்.

பத்தொன்பதாம் தேதிச் சீட்டை மட்டும் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தாள். அதில் இடி மழை என்று இருந்தது. மழையை அடித்தாள். மிச்சத்தில் விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். இ. டி.

"இதுல ஒரு எழுத்து மாத்தினாப் போதும் பாப்பா," என்றாள்.

'இ'யின் மேலே அழுத்தி ஒரு 'அ' போட்டாள். பிறகு சட்டைப் பையில் கையை விட்டு, ஒரு பல்லை எடுத்து, அந்தச் சீட்டின் மேலே வைத்தாள்.